எண்பது ஹெர்ட்ஸ் தள்ளி

1

இந்தக் கதை எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கிடைத்தது. முழுசாகக் கிடைக்கவில்லை. என் கண்ணைச் சோதித்துக்கொண்டிருந்த கடைக்கார அம்மா சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இல்ல அது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்று சொல்லக் கூச்சப்பட்டுக் குத்துமதிப்பாக "அது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மேஜைமேல் கட்டைவிரல் அளவில் இரண்டு தகர டப்பிகள் இருந்தன. ஒன்றில் 500, மற்றதில் 250. என்ன அது என்று மூக்கை நுழைத்தேன்.

"ரேடியோவுக்குப் போடற ஃபில்டர். எதைப் போடறதுன்னு ஒரு வாரமா வீட்ல சண்டை."

அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். சண்டை என்ன, யாரோடு யாருக்கு, எல்லாம் நான் வீட்டுக்கு வந்து மூட்டியது. அந்த அம்மாவுக்கு இரண்டு தம்பிகளைக் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கடைக்கு மேலிருந்த அறையில் ரேடியோ மெல்ல முனகியது, ஏதோ ஒரு

நிறுத்திவிட்டேன். ரேடியோ டெலிடைப் முனகாது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுருதிகள். ஒன்று மாற்றி ஒன்று, படபடவென்று ஒலிக்கும். ஒருவர் கீபோர்டில் அடிக்கிற எழுத்து அந்த இரண்டு சுருதிகளாக மாறிக் காற்றில் போய், இன்னொருவர் திரையில் மறுபடி எழுத்தாக வந்து நிற்கும். வாயைத் திறக்காமல் உலகம் முழுக்கப் பேசலாம். இரண்டாவது தொடக்கம் இன்னும் மோசம்:

உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள் இருக்கிறார்கள். அகலமான ஃபில்டர் போடுகிறவர்கள்,

சீ. ஃபில்டரை மனித மனத்துக்கு உவமையாக்கினால் கை தட்டுவார்கள் என்று எனக்கும் தெரியும். வாசகரே, உங்களுக்கும் இந்நேரம் அது தோன்றியிருக்கும். தயவுசெய்து அதை மடித்து உள்ளே வையுங்கள். இது நிஜமான ஃபில்டர், குறிப்பிட்ட அகலத்துக்குள் வருகிற சுருதிகளை மட்டும் உள்ளே விடுவது; எண் பெரிதானால் வாசல் அகலம். ரேடியோவுக்குள் செருக வேண்டும், ரேடியோவில் ஒரே ஒரு காலி இடம்தான் இருக்கிறது.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்குக் கண்ணாடிக் கடை. சின்னவன் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் பெரியவன், வெளியூரில் கணக்கு வாத்தியார். மூன்று பேருக்கும் சின்ன வயதிலிருந்தே ரேடியோப் பைத்தியம். வருஷத்துக்கு ஒருமுறை சனி, ஞாயிறு இரண்டு நாளும் டெலிடைப் போட்டி. எத்தனை நிலையங்களோடு முடியுமோ அத்தனையோடு தொடர்பு கொள்ள வேண்டும். ஒவ்வொருவரும் "நன்றாகக் கேட்கிறது" என்பதற்கு 599 என்ற குறியும், அந்தப் போட்டியில் தான் பேசுகிற எத்தனையாவது ஆள் எதிராளி என்கிற எண்ணும் அனுப்ப வேண்டும். கடைசியில் ஒரு நன்றி. அதற்குமேல் ஒரு வார்த்தை பேசினாலும் நேரம் வீண்.

அவர்கள் சேர்ந்து ஆடிய கடைசிப் போட்டியில் பெரியவன் ஒரு தொடர்பைப் பதிவு செய்தான். எதிராளியிடமிருந்து நன்றி வந்து முடியாத தொடர்பு அது. நடுவர்கள் கண்டுபிடித்து, மூன்று பேர் புள்ளியிலும் கை வைத்தார்கள். கிளப்பில் எல்லார் முன்னாலும் சின்னவன், "கணக்கு வாத்தியார் கள்ளக்கணக்கு எழுதிட்டார்" என்றான். அக்கா வாயைத் திறக்கவில்லை. பொதுவாக இருந்தாளாம். பெரியவன் இரண்டு பேர்மேலும் ஒரே மாதிரி கோபித்துக்கொண்டு போனான். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை, போன் எடுப்பதில்லை.

ஆனால் ஒவ்வொரு வருஷமும் போட்டியின் இரண்டாம் நாள் பிற்பகல், அக்கா கீபோர்டில் உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து, ஒரே ஒருமுறை கூப்பிடுவான். குறி, எண், நன்றி. அரை நிமிடம்கூட ஆகாது. அக்கா அதைப் பற்றிச் சின்னவனிடம் சொன்னதே இல்லை. அந்த அரை நிமிடத்துக்காகத்தான் அவள் வருஷம் முழுக்க அந்த ரேடியோவைத் துடைத்து வைக்கிறாள் என்று எழுதினேன். கொஞ்சம் மிகைதான். எடுக்க மனசு வரவில்லை.

3

சண்டைக்கு வருவோம்.

தெருக்கோடியில் ஒரு கட்டட கான்ட்ராக்டர் புதிதாக இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியிருக்கிறார். அவர் எதையும் சின்னதாகச் செய்கிறவர் இல்லை. வீட்டுமேல் நிற்கிற ஆண்டெனாவைப் பார்த்துத் தெருவே பயப்படுகிறது. போன வருஷம் அவர் பக்கத்து அலைவரிசைக்கு வந்ததும் அக்காவின் ரேடியோ தன் காதைத் தானே பொத்திக்கொண்டது. இந்த ரேடியோக்கள் அப்படித்தான். உள்ளே ஒருவன் கத்தினால் சத்தத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும், மெல்லப் பேசுகிறவர்களும் அதோடு போய்விடுவார்கள். போட்டியில் இவர்கள் இரண்டாவதாக வந்தார்கள். முதலிடம் கான்ட்ராக்டருக்கு.

இந்த வருஷம் ரேடியோ புதுசு. ஃபில்டர்கள் கிளப் நண்பர் ஒருவர் இரவல் கொடுத்தவை.

"இருநூத்தைம்பதுதான் போடணும்" என்றான் சின்னவன். "கான்ட்ராக்டர் வெளியவே நின்னுக்குவார். ஐந்நூறு போட்டா வாசக்கதவைத் திறந்து வெச்சுட்டு திருடன் வரான்னு அழற மாதிரி."

"அவ்வளவு குறுகலாப் போட்டா, கொஞ்சம் தள்ளிக் கூப்பிடறவங்க யாரும் கேக்க மாட்டாங்களேடா."

"நேரா வரத் தெரியாதவன் போகட்டும்."

"எல்லாரும் நேராவே வருவாங்களா?"

"யாரு வர மாட்டா, சொல்லு?"

 சின்னவன் பெண்டாட்டி டீயை வைத்துவிட்டு, "அண்ணி, எங்க கல்யாணத்துக்குக்கூட இவர் இவ்வளவு யோசிக்கலை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

[அடிக்குறிப்பு, ஆனால் அடியில் வைத்தால் யாரும் படிக்க மாட்டீர்கள்: இரண்டு சுருதிகளுக்கும் நடுவே நூற்றெழுபது ஹெர்ட்ஸ் இடைவெளி. இருநூற்றைம்பது ஹெர்ட்ஸ் அகல ஃபில்டரில் இரண்டு பக்கமும் மிச்சம் ரொம்பக் கொஞ்சம். பெரியவன் எப்போதும் அக்கா இருக்கிற அலைவரிசையிலிருந்து எண்பது ஹெர்ட்ஸ் தள்ளித்தான் கூப்பிடுவான். அவனுடைய இரண்டு சுருதிகளில் ஒன்று கதவுக்கு வெளியே மாட்டிக்கொள்ளும். திரையில் குப்பைதான் வரும்.]

ஆகவே சின்னவன் சொல்கிறபடி செய்தால் என்ன ஆகும் என்று அக்காவுக்குத் தெரியும். பெரியவன் கூப்பிடுவான். பதில் வராது. இன்னொரு முறை கூப்பிடுவான். வேண்டுமென்றே கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வான். அடுத்த வருஷம் கூப்பிட மாட்டான். அப்புறம் எந்த வருஷமும் கூப்பிட மாட்டான்.

3, மறுபடியும்

ஒரு திருத்தம். பெரியவன் ஏன் தள்ளிக் கூப்பிடுகிறான் என்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன்: அவன் சோம்பேறி, குமிழைச் சரியாகத் திருப்ப மாட்டான், நாற்காலியைக்கூட மேஜைக்கு நேராகப் போட மாட்டான். அந்த நாற்காலி வாக்கியத்தில் எனக்கு ஒரு பெருமை வேறு. இரண்டு நாள் ஆறப்போட்டுவிட்டுப் படித்தபோது அக்கா என்னைப் பார்த்து முறைப்பதுபோல இருந்தது. கணக்கு வாத்தியார், எண்பது ஹெர்ட்ஸ், அதுவும் ஒவ்வொரு வருஷமும் துல்லியமாக எண்பது. இது சோம்பேறித்தனமா?

இல்லை. கூட்டமாகப் பத்துப் பேர் ஒரே இடத்தில் கூப்பிட்டால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கூழாகிவிடும். விவரம் தெரிந்தவன் கூட்டத்தில் முண்டியடிக்காமல், கொஞ்சம் விலகி நின்று கூப்பிடுவான். அவன் எழுத்து மட்டும் தனியாகத் தெரியும். பெரியவன் அக்காவின் கண்ணில் படுவதற்காகத்தான் அங்கே நிற்கிறான். அவனைச் சோம்பேறி என்றது என் தப்பு. நாற்காலி வாக்கியத்தை அடித்துவிட்டேன்.

4

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சின்னவன் ரேடியோ மூடியைத் திறந்தான், மூடினான், "போட்டாச்சு" என்றான். எதை என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரு வாரமாகத் தொண்டை கிழியக் கத்தியவன் வேறு எதைப் போட்டிருப்பான்?

இங்கே என் திட்டம் இது: சனிக்கிழமை காலையில் அக்கா தம்பிக்குத் தெரியாமல் ஃபில்டரை மாற்றிவிடுவாள். எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. கூடப் பிறந்தவனை ஏமாற்றுகிறவள் என்று அவளை நீங்கள் நினைத்துவிட்டால் என்ன செய்வது? அவள் பக்கம் சப்பைக்கட்டு கட்டி ஒரு பத்தி எழுதினேன், கிழித்தேன். பிறகு, நடப்பது நடக்கட்டும் என்று அவள் கையில் கண்ணாடிக்கடைச் சின்ன ஸ்க்ரூட்ரைவரைக் கொடுத்து மாடிக்கு அனுப்பினேன்.

அலமாரியில் இரவல் ஃபில்டர் டப்பா இருந்தது. ஐந்நூறை எடுக்கத் திறந்தாள். உள்ளே கிடந்தது இருநூற்றைம்பது.

இரண்டு தடவை படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மூன்றாவது தடவை படித்தாள். அது இங்கே இருக்கிறதென்றால், ரேடியோவுக்குள் இருப்பது ஐந்நூறு.

"என்னக்கா, ஸ்க்ரூட்ரைவரும் கையுமா?" வாசற்படியில் சின்னவன்.

"கண்ணாடி லூசா இருக்கு. முடுக்கலாம்னு."

"அதுக்கு மாடிக்கு வரணுமா?"

"நீ இருநூத்தைம்பதுதானே வேணும்னே?"

சின்னவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "கான்ட்ராக்டர் இந்த வாரம் ஊர்ல இல்லையாம்."

"யாரு சொன்னா?"

"சொன்னாங்க."

சத்தியமாக இது என் வேலை இல்லை. எங்கள் இரண்டு பேரையும் முந்திக்கொண்டு இவன் வந்து நிற்பான் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

5

ஐந்தாம் பகுதியை எடுத்துவிட்டேன். அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து அழுவதுபோல இருந்தது. அவள் அழவில்லை. கடைக்குப் போய், வந்தவர்களுக்கெல்லாம் சிரித்துச் சிரித்துக் கண் பார்த்தாள்.

6

அன்று மத்தியானம் போட்டி தொடங்கிய சிறிது நேரத்திலேயே கான்ட்ராக்டர் பக்கத்தில் வந்து முழங்கினார். ஊரில்தான் இருந்தார். அக்கா சின்னவனைப் பார்த்தாள். சின்னவன் உத்தரத்தைப் பார்த்தான். அன்று மீதி நேரம் முழுக்கப் புள்ளிகள் கையைவிட்டுப் போய்க்கொண்டே இருந்தன. அவன் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

மறுநாள் பிற்பகல் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இப்ப நான் உட்கார்றேன்" என்றான் சின்னவன்.

"இது என் நேரம்டா."

"தெரியும்."

அக்கா விலகிக்கொண்டாள். (இவளுக்கு ஒரு இடுப்பு வலி கொடுத்து எழுப்பலாம் என்றிருந்தேன். தேவைப்படவில்லை.)

சின்னவன் பொது அழைப்பை அனுப்பினான். திரையில் கூட்டம் விழுந்தது. எழுத்துக் கூழ். கான்ட்ராக்டரின் இரைச்சல் வேறு. அது கொஞ்சம் அடங்கிய இடைவெளியில், சுருதிக்கு ஒன்றாக இரண்டு கோடுகள் ஓரமாக, தள்ளித் தெரிந்தன. சின்னவன் கை தானாகவே குமிழைத் திருப்பியது. எவ்வளவு என்று பார்க்கக்கூட இல்லை. எழுத்துகள் தெளிந்தன. பெரியவனின் அழைப்புக் குறி, அதாவது காற்றில் அவனுடைய பேர்.

சின்னவன் ஒரு விசையைத் தட்டினான். தயாராக இருந்த குறியும் எண்ணும் போயின. பதில் வந்தது:

599 001

சின்னவன் நிமிர்ந்தான். "என்னக்கா இது, ஒண்ணுன்னு அனுப்பறான்? நேத்து ஆரம்பிச்ச போட்டி. இதுவரைக்கும் ஒருத்தர்கூடவும் பேசலையா?"

"வருஷா வருஷம் ஒண்ணுதான்டா" என்றாள் அக்கா. "நம்மகிட்ட மட்டும் பேசுவான். அப்புறம் எந்த ரிசல்ட் பட்டியல்லயும் அவன் பேரைப் பார்த்ததில்லை."

சின்னவன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியது, மறைக்கவும் இல்லை. அடுத்தது நன்றி. அதற்கும் ஒரு விசை இருக்கிறது. விரல் அதன்மேல் இருக்கிறது.

7

இந்த இடத்துக்கு நான் இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் அவன் அந்த விசையைத் தட்டுகிறான். விதிப்படி சரி. படித்துவிட்டு எனக்கு அன்று முழுக்க யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

இரண்டாவதில் அவன் தன் கையால் அடிக்கிறான்: அண்ணா, நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக்

அழுதுகொண்டேதான் எழுதினேன். அதனால்தான் நிறுத்தினேன். அது என் ஆசை. சின்னவன் இப்படியெல்லாம் பேசுகிற ஆளா என்று எனக்குத் தெரியாது. ஒரு வாரம் கத்திவிட்டுச் சத்தமில்லாமல் ஐந்நூறைப் போட்டவன் அவன். அவனைப் பற்றி ஒருமுறை தப்புக் கணக்குப் போட்டவன் நான்.

கடைக்குப் போய் அந்த அம்மாவிடமே கேட்கலாம் என்று பார்த்தேன். என் கண்ணாடி தயாராகிவிட்டது. ஆனால் அவருக்குத் தம்பிகளே இல்லாமலிருந்தால்?

எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. நன்றி வராத வரை அந்தத் தொடர்பு முடியாது. முடியாததை எழுதினான் என்றுதான் பெரியவனைத் துரத்தினார்கள். ஆகவே இன்னொரு முறை அவன் அப்படி எழுத மாட்டான், ரேடியோவை அணைக்கவும் மாட்டான். கான்ட்ராக்டர் எவ்வளவு முழங்கினாலும் திரையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பான்.

அதனால் அவசரம் இல்லை. சின்னவன் விரலை எடுத்துவிட்டான். கீபோர்டை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். எழுத்துப் பிழை வந்தாலும் பரவாயில்லை, பெரியவனுக்குப் புரியும்.