ராக்கெட்டுக்கு அளவெடுத்தவர்

விண்வெளித் துறைக்கு அரசாங்கம் முதலில் கொடுத்தது ஒரு பெயர்ப்பலகை. அதை மாட்டச் சுவர் இல்லாததால் நான்கு மாதம் அது ஒரு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பிறகு மூடிப்போன ஐஸ் தொழிற்சாலை ஒன்றின் மாடியை ஒதுக்கினார்கள். தொழிற்சாலை மூடி ஒன்பது வருடமாகியும் கட்டடத்துக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. வெயில் காலத்திலும் ஊழியர்கள் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் கணக்குப் போட்டார்கள்.

இயக்குநர் வானிலை அலுவலகத்திலிருந்து வந்தவர். இருபத்தெட்டு வருடம் வானத்தைக் கீழேயிருந்து கணித்துத் தோற்றவர். இனி மேலேயே போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டார். அவருக்கு அடுத்தவர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பொறியாளர். அவர் பெயருக்கு முன்னால் பலகையில் 'டாக்டர்' என்று இருந்ததால், வாரத்துக்கு இரண்டு பேர் காய்ச்சலுக்கு மருந்து கேட்டு மாடியேறி வந்தார்கள். சொல்லிப் பார்த்து அலுத்துப்போய், மூன்றாவது மாதத்திலிருந்து அவர் மருந்து கொடுக்கவும் ஆரம்பித்தார். பெரும்பாலும் குணமாயிற்று. மூன்றாவது ஆள் தட்டச்சு அம்மாள். நிமிடத்துக்கு எழுபது சொல் அடிப்பார், ஒரு பிழை வராது. ஆகவே ராக்கெட் விடும்போது பத்திலிருந்து தலைகீழாக எண்ணும் பொறுப்பும் அவரிடமே இருந்தது.

முதல் ராக்கெட் தென்னை உயரம் போய், எதையோ மறந்துவிட்டு வந்தது போலத் திரும்பி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. இரண்டாவது மேலே போவதில் ஆர்வம் காட்டவில்லை. படுத்தவாக்கில் இயக்குநரைத் துரத்தியது. அவர் ஓடி, முள்வேலியைத் தாண்டும்போது கால்சட்டையின் பின்பக்கம் கம்பியில் மாட்டிக்கொண்டது. கால் மணி நேரம் அப்படியே தொங்கினார். கடைசியில் கம்பிதான் வளைந்தது, தையல் ஒரு நூல்கூட விடவில்லை.

மூன்றாவது ராக்கெட் ஒழுங்காகப் போயிற்று. மேலே காற்றையும் குளிரையும் அளந்து எழுதிக்கொள்ளும் ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு மேகத்துக்கும் மேலே போனது. ஆனால் பெட்டி இறங்கி வந்தபோது தட்டாக இருந்தது. அதில் எழுதியிருந்ததைப் படிக்க வேண்டுமானால் தட்டைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் தூள்.

"பாராசூட் வேணும். வெளிநாட்டுல கேட்டா பதினாலு மாசம் ஆகும்னு எழுதியிருக்காங்க," என்றார் பொறியாளர்.

இயக்குநர் தன் பின்பக்கத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். "என்னைத் தாங்கினவன் பெட்டியைத் தாங்க மாட்டானா?"

அப்படித்தான் தையற்காரர் விண்வெளித் துறைக்கு வந்தார்.

கடைவீதியில் பதினெட்டு வருடமாகக் கால்சட்டை தைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர். அதிகம் பேச மாட்டார். பேசினாலும் வாயில் குண்டூசி இருப்பதால் பாதிதான் வெளியே வரும். பெட்டி முழுசாகத் தரையிறங்கினால் நிரந்தர வேலை, இல்லாவிட்டால் நன்றி, வணக்கம் என்று இயக்குநர் சொன்னார். தையற்காரர் ஊசிகளை எடுத்து வைத்துவிட்டு, சரி என்றார். கடையைக் காலி செய்தார்.

காலி செய்த நாலாம் நாள் அதே கடையைச் சகலை எடுத்துக்கொண்டான். மனைவியின் தங்கை புருஷன், அவனும் தையற்காரன். பலகையைக்கூட மாற்றவில்லை, 'புதிய நிர்வாகம்' என்று மட்டும் கீழே எழுதினான். வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனான்.

"அண்ணே, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. ராக்கெட்டு கீக்கெட்டு சரிப்படலன்னா நேரா நம்ம கடைக்கு வந்துடுங்க. காஜா எடுக்க எனக்கும் ஒரு ஆள் வேணும்."

பொத்தான் துளைக்கு நூல் சுற்றுகிற வேலைதான் காஜா. கத்தரிக்கோலைத் தொடத் தகுதி வராதவர்களுக்குக் கொடுப்பது. சகலை தெருமுனை திரும்புகிற வரைக்கும் பொறுத்திருந்த மனைவி, "ஏங்க, அவன் கடையில உக்காந்து காஜா எடுக்கறதுக்கு, அந்த ராக்கெட்டுலயே ஏறி நீங்க போயிடலாம்," என்றாள்.

"அதுல ஆள் ஏற இடமில்ல."

"கேட்டுட்டீங்களா?"

"அளவே எடுத்துட்டேன்."

உண்மைதான். முதல் நாளே நாடாவை எடுத்து ராக்கெட்டைச் சுற்றிப் பிடித்திருந்தார். துணி உள்ளே மடிந்து உட்கார வேண்டுமே. "இடுப்பு முப்பத்தாறு. மார்பும் முப்பத்தாறு. என் மாமனாருக்கும் இதே வாகுதான், தைக்கச் சுலபம்," என்றார். பொறியாளர் குறித்துக்கொண்டார்.

துறையின் பங்குக்கு வந்திருந்தது ஆரஞ்சு நிற நைலான் துணி. தையற்காரர் அதை ஐஸ் தொழிற்சாலையின் கீழ்த்தளத்தில் விரித்து, தவழ்ந்து தவழ்ந்து வெட்டினார். முட்டி விறைத்துப்போனது. பொறியாளர் கொடுத்த படத்தில் இருபத்துநான்கு துண்டு இருந்தது. இருபத்துநான்கும் சேருகிற நடுவில் ஒன்றரைச் சாண் அகலத்துக்கு வட்டமாக ஒரு ஓட்டை. அவர் படத்தில் இருந்தபடியே தைத்தார். தைத்ததும் 'டிரையல்' பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். போட்டுப் பார்க்காமல் எதையும் கொடுத்து அவருக்குப் பழக்கமில்லை. தண்ணீர்த் தொட்டியின் உச்சியிலிருந்து ஒரு மாவு மூட்டையை இறக்கினார்கள். மூட்டை மணப்பெண் போல நிதானமாக வந்து உட்கார்ந்தது. இயக்குநர் அதைத் தட்டிக்கொடுத்தார்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ராக்கெட் விடுவதற்கு முந்தின நாள் மதியம் சகலை வேடிக்கை பார்க்க வரும் வரைக்கும்.

விரித்துக் கிடந்த துணியைச் சுற்றி நடந்தான். விளிம்பை விரலால் நிரடினான். குறை அகப்படவில்லை. பிறகு நடுவைப் பார்த்தான்.

"அண்ணே, ஓட்டை."

"படத்துல அப்படித்தான் இருக்கு."

"இருக்கட்டும். நாளைக்கு மந்திரி படத்தையா பார்க்கப்போறாரு? அண்ணாந்து பார்ப்பாரு. ஊரே அண்ணாந்து பார்க்கும். முதல்ல கண்ணுல படறது அந்த ஓட்டைதான். யார் தச்சதுன்னு கேப்பாங்க." கழுத்தைச் சொறிந்துகொண்டான். "நமக்கென்ன, நான் சொன்னேன்."

அவன் போன பிறகும் தையற்காரர் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். பதினெட்டு வருடத்தில் ஓட்டையோடு ஒரு துணி அவர் கையிலிருந்து வெளியே போனதில்லை. கேட்கலாமென்றால், பொறியாளர் காவலாளியின் காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போயிருந்தார். தையற்காரர் தானே யோசித்தார். துணி கொண்டுவருகிற எவரும் போதுமான துணி கொண்டுவந்ததில்லை என்பது அவருடைய அனுபவம். ஒரு சாண் குறையும். கேட்டால் "எப்படியாவது பார்த்துப் பண்ணுங்க" என்பார்கள். பொறியாளருக்கும் துணி போதாமல்தான் நடுவில் விட்டிருக்கிறார், பாவம், வெளியே சொல்ல வெட்கம். ஆனால் வெட்டுகிறவன் சாமர்த்தியசாலியாக இருந்தால் துணி மிஞ்சும். மிஞ்சியிருந்தது.

ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஓட்டையை அடைத்தார். ஒட்டுப் போட்டது தெரியாத ஒட்டு. தடவிப் பார்த்தாலும் தெரியாது. பிறகு தானே மடித்து, ராக்கெட்டின் மூக்குக்குள் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மந்திரி வந்தார். மைதானத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். கயிற்றுக்கு அப்பால் ஊர் நின்றது. கயிற்றை ஒட்டி முதல் ஆளாகச் சகலை. இந்தப் பக்கம் தட்டச்சு அம்மாள் மேசைக்குப் பக்கத்தில் தையற்காரர், சலவைச் சட்டையில்.

பொறியாளர் பெரிய காகிதத்தில் வரைந்த படத்தை மந்திரிக்கு விளக்கினார். "நடுவுல இந்த ஓட்டை இருக்கு பாருங்கய்யா, உயிரே இதுலதான். உள்ள அடைபடற காத்து இது வழியா மேல போயிடும். இது இல்லன்னா காத்து பக்கவாட்டுல பிச்சுக்கும். பெட்டி ஊஞ்சலாடும், கவுந்துக்கும். மறுபடியும் தட்டுதான்."

"அப்படியா? சின்ன ஓட்டைதானே," என்றார் மந்திரி.

"இதைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள எத்தனையோ பேர் செத்திருக்காங்கய்யா."

தையற்காரர் வாயில் ஊசி எதுவும் இல்லை என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். தட்டச்சு அம்மாளிடம் மெதுவாகக் குனிந்தார்.

"அம்மா, ஒரு விஷயம்."

"பத்து," என்றார் தட்டச்சு அம்மாள் ஒலிபெருக்கியில். "ஒன்பது."

"அம்மா, அந்த ஓட்டை..."

அம்மாள் ஒலிபெருக்கியைக் கையால் மூடினார். "எண்ணும்போது பேசாதீங்க. பிழை வந்துடும்." கையை எடுத்தார். "எட்டு."

சும்மா இருந்துவிடலாம். நைலான் கிழிந்தது, காற்று அப்படி, யார் கண்டது. பெட்டி தட்டானால் வேலை போகும். அதுவும் மானத்தோடு போகும், ஓட்டை அடைத்த கதை யாருக்கும் தெரியாது. காஜா மட்டும் எடுக்க வேண்டியிருக்கும். சொன்னாலோ, மந்திரிக்கு முன்னால், ஊருக்கு முன்னால், அதோ கயிற்றில் சாய்ந்து நிற்கிற அவனுக்கு முன்னால் சொல்ல வேண்டும். வேலையும் அதோடு போகும், காஜாவும் எடுக்க வேண்டியிருக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் சும்மா இருப்பதே லாபம்.

"ஏழு. ஆறு. ஐந்து."

ஆனால் ஒருவரைக் கால் மணி நேரம் தாங்கிய தையலைப் போட்ட கை அது. கெட்டுப்போகும் என்று தெரிந்த உருப்படியைக் கொடுத்துவிட்டு நிற்க அந்தக் கைக்குத் தெரியவில்லை. அது தானாகப் போய் ஒலிபெருக்கியைப் பிடுங்கியது.

"நிறுத்துங்க. ஓட்டையை நான் அடைச்சுட்டேன்."

கயிற்றுக்கு அப்பாலிருந்து ஒரே ஒரு குரல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி: "எங்க சகலைதான்."

பொறியாளர் படத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். "எதுக்குங்க அடைச்சீங்க?"

"ஓட்டையா இருந்துச்சுங்க."

இயக்குநர் மந்திரியைப் பார்த்தார். மந்திரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தையற்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"பதினோரு வருஷம் மந்திரியா இருக்கேன்," என்றார். "ஒரு தப்பு, நடக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியறது இதுதான் முதல் தடவை. எவ்வளவு நேரமாகும் பிரிக்க?"

"தச்ச நேரத்துல பாதிங்க."

ஏணி வந்தது. ராக்கெட்டுக்குள் வெடிமருந்து நிரப்பியாகிவிட்டதால், பொறியாளர் கீழே நின்று, "பாக்கெட்ல தீப்பெட்டி இல்லையே?" என்று மூன்று தடவை கேட்டார். தையற்காரர் மேலே ஏறி, மூக்கைக் கழற்றி, மடிப்பின் உச்சியை மட்டும் வெளியே இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, அரை பிளேடால் பிரிக்க ஆரம்பித்தார். நேற்றுத் தன் கையை மெச்சிக்கொண்டே போட்ட தையல். எங்கே ஆரம்பம் என்று அவருக்கே அகப்படவில்லை. கீழே ஊர் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஐம்பது நிமிடம் ஆயிற்று. மந்திரி இரண்டு தடவை மோர் குடித்தார்.

இறங்கியதும் ஒரு சிக்கல். விட்ட இடத்திலிருந்து எண்ணுவதா, முதலிலிருந்தா? விதியில் இல்லை. ஐந்து வரைக்கும் எண்ணியது செல்லும் என்றார் பொறியாளர். செல்லாது, எண்ணியபோது இருந்த ராக்கெட் வேறு, இப்போதிருப்பது வேறு என்றார் இயக்குநர். தட்டச்சு அம்மாள் இருவரையும் காதில் போட்டுக்கொள்ளாமல் பத்திலிருந்து எண்ணினார்.

ராக்கெட் போயிற்று. சத்தமெல்லாம் அடங்கி, கழுத்தெல்லாம் வலித்த பிறகு, நீலத்தில் ஆரஞ்சாக ஒரு பொட்டு தெரிந்தது. பொட்டு பெரிதாயிற்று. ஆடவில்லை, அசையவில்லை. நடுவில் வட்டமாக வெயில் தெரிந்தது. மந்திரி கை நீட்டி, "அதோ ஓட்டை," என்றார், தானே தைத்தது போல.

காற்று கடைசி நேரத்தில் கொஞ்சம் கடைவீதிப் பக்கமாகத் தள்ளியது. கூட்டம் விலகியது. சகலை மட்டும் விலகவில்லை, தையலில் ஒரு குறையாவது கண்ணில் படாதா என்று அண்ணாந்தபடியே நின்றுவிட்டான். பெட்டி அவன் காலுக்கு ஒரு முழம் தள்ளிப் பூப்போல உட்கார்ந்தது. துணி முழுவதும் அவன் மேல் உட்கார்ந்தது. உள்ளே கொஞ்ச நேரம் அங்குமிங்கும் முட்டுகிற ஆட்டம். பிறகு வழி தேடிய தலை, இருந்த ஒரே வழியாக, நடு ஓட்டையில் மேலே வந்தது. இருபத்துநான்கு துண்டு ஆரஞ்சு நைலானை அங்கியாகப் போட்டுக்கொண்டு, மைதானத்தின் பாதிக்கு நின்றான்.

பொறியாளர் பெட்டியைக் காதோடு வைத்துக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே எதுவும் உடைந்த சத்தமில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். இயக்குநர் மந்திரியின் காதில் ஏதோ சொன்னார். மந்திரி தலையாட்டினார். "நாளைக்கே உத்தரவு போடுங்க. பதவிக்கு என்ன பேர்னு நீங்களே பார்த்துக்குங்க."

தையற்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் சகலையிடம் போனார். துணி கசங்குகிறதே என்ற கவலை அவருக்கு. பழக்கம் விடாமல், அவன் கழுத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார்.

"அசையாதே தம்பி," என்றார். "தோள்பட்டை கொஞ்சம் இறங்குது. மத்தபடி சரியாத்தான் இருக்கு."