பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

சரஸ்வதி பூஜையன்று சாயங்காலம், சாமிப் படத்துக்கு முன்னால் வீற்றிருந்த கம்ப்யூட்டரைப் பார்க்கப் பார்க்க ராதாகிருஷ்ணனுக்கு மனசு நிறைந்துபோயிருந்தது. திரைக்கு நெற்றி எது என்று தெரியாததால் நட்டநடுவில் வைத்துவிட்டார், ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு சந்தனப் பொட்டும் அதன்மேல் குங்குமமும். தட்டும் பலகைக்கு மேலே செவ்வந்திச் சரம். மௌஸுக்கு முன்னால் ஓர் எலுமிச்சம்பழம். லோரிக்கு டயரடியில் வைக்கிறோம், இதற்கும் ஏதாவது வைக்க வேண்டாமா என்பது அவர் கட்சி.

அது செகண்ட் ஹேண்ட் பெட்டிதான். கோலாலம்பூரில் வாங்கி, தான் ஓட்டும் லோரியில் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து, பெல்ட்டும் மாட்டி, பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டத் திட்ட, கிள்ளான் வரைக்கும் ஊர்ந்தே கொண்டுவந்து சேர்த்தார். எல்லாம் மனைவி சீதாலெட்சுமிக்காக. மூன்றாம் பாரத்தோடு படிப்பை விட்டுவிட்டு சுங்கை வே எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிக்குப் போனவள். போன வருஷம் வெளியிலிருந்து எழுதி, ஐந்தாம் பாரத்து எஸ்.பி.எம். பரீட்சையில் தேறினாள். இந்த வருஷம் டிப்ளோமாவுக்கு இடம் கிடைத்தது. வகுப்புக்குப் போக வேண்டாம், வேலை முடிந்து வந்து வீட்டிலேயே இன்டர்நெட் வழியாகப் படிக்கலாம். ஒரு மாதமாக வீடே அந்தப் பெட்டிக்கு ஊழியம் செய்தது. மேசையைச் சுவரோரம் நகர்த்தினார்கள். டெலிபோன் ஒயரைப் பிடுங்கி மோடத்தில் சொருகினால் வீட்டுக்கு யாரும் போன் பண்ண முடியாது. அவசரத்துக்குக் கூப்பிட முடியவில்லை என்று லோரி முதலாளி கத்தினார். கத்தட்டும் என்று ராதாகிருஷ்ணன் விட்டுவிட்டார். அவள் தட்டிப் பழகும்போது பின்னால் நின்று வாயை மூடிக்கொண்டிருந்தார். அவருக்கு அதுதான் பெரிய கஷ்டம்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடிகிறவரை தொடக் கூடாது. இந்த விஷயத்தில் அவர் முரட்டுப் பிடிவாதக்காரர். முன்பு ஒரு வருஷம் முதலாளி பேச்சைக் கேட்டுப் பூஜையன்று லோரியை எடுத்தார். ரவாங் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. பள்ளத்தில் சாய்ந்த வண்டியிலிருந்து உயிரோடு வந்ததே பெரும்பாடு. அதற்குப் பிறகு இந்த நாளில் யார் வந்து கூப்பிட்டாலும் அவர் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. அவர் சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

விளக்கேற்றுகிற நேரத்தில், துணி மடித்துக்கொண்டே சீதா சொன்னாள். இன்றைக்குள் இன்டர்நெட்டில் நுழைந்து பேரைப் பதிந்தால்தான் டிப்ளோமா இடம் உறுதியாம், இல்லையென்றால் காத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவார்களாம். வீட்டில் தேங்காய் தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்லா. சாமிக்கு வச்சத எப்படிங்க எடுக்கறது?"

காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்று எரிந்து விழுந்தார். நீங்கள் ஆசையாகச் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தீர்கள், சொல்ல மனசு வரவில்லை என்றாள். நம்பியிருப்பார். ஆனால் அவள் முகத்தை அவருக்குத் தெரியாதா? இடம் போகிறதே என்ற வருத்தம் அதில் துளிகூட இல்லை. மழை வந்து பரீட்சை நின்றுபோன பிள்ளையின் முகம் அது.

"பயமா இருக்கா?" என்று கேட்டார்.

அவள் ஒரு சட்டையை விரித்து மறுபடியும் மடித்தாள். "கூடப் படிக்கிறதெல்லாம் சின்னப் பிள்ளைங்களா இருக்கும். நான் எழுதுற இங்கிலீஷ எல்லாரும் படிப்பாங்களாம்."

ராதாகிருஷ்ணன் வாசலுக்குப் போனார். எதிரே பாடாங் திடல் ஓரத்தில், வாழைக் கன்றும் மாலையுமாக லோரி மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றது. படிக்கப் போகிறவள்மேல் சரஸ்வதி கோபப்படுவாளா என்று அறிவு கேட்டது. அறிவு கேட்டால் பயம் விடுகிறதா? பிரேக் பிடிக்காத ரவாங் இறக்கம் ஞாபகம் வந்தது. நாளைக்கு அதே வண்டியை அவர்தானே ஓட்ட வேண்டும். அப்புறம் குழாயடியில் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

சூடம் ஏற்றினார். மறுநாள் காலை செய்ய வேண்டிய மறுபூஜையை அப்போதே செய்தார். பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து, மறுபூஜை முடிந்ததற்கு அடையாளமாக வடக்கே துளி நகர்த்தி வைத்தார்.

"முடிஞ்சிருச்சு. வந்து உக்காரு."

"என்னங்க இது? நாளைக்குக் காலையிலதானே..."

"சரஸ்வதி அம்மாகிட்ட சொல்லிட்டேன். கோவம்னா அது என் லோரியோட இருக்கட்டும்னு. நீ உக்காரு."

சீதா அவரையே பார்த்தாள். ரவாங் ஆஸ்பத்திரியில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு வந்து, எலுமிச்சம்பழத்தைப் பத்திரமாக நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

அவர் ஒயரைச் சொருகினார். மோடம் கரகரத்து, கீச்சிட்டு, ஒருவழியாக அடங்கியது. பக்கம் திறந்தது. அமுக்க வேண்டிய பொத்தான் மட்டும் எங்கே என்று தெரியவில்லை. பொட்டுக்கு அடியில் இருந்தது. அவர் அசடு வழிந்துகொண்டே ஈரத் துணி எடுக்கப் போனார்.

"அழிக்காதீங்க, இருக்கட்டும்" என்றாள். "அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

அம்புக்குறி மெல்ல நகர்ந்து குங்குமத்துக்குள் நுழைந்து மறைந்தது. அவள் அமுக்கினாள். இருவரும் காத்திருந்தார்கள். வெள்ளையாகக் கிடந்த திரையில் அவள் பெயர் பெரிய இங்கிலீஷ் எழுத்துகளில் வந்து நின்றது, நடுவில் பொட்டோடு.