மைக்கை விடாத நுஹாத்

பெய்ரூட்டில், மேல்தெருவிலிருந்த நுஹாத்தின் ரொட்டிக் கடை டிவியில் இருபது வருடமாக ஒரே சேனல்தான். மேல்தெருக்காரர்களின் கட்சிச் சேனல். எது கெட்டாலும் கீழ்தெருக்காரர்கள் வேலை என்று அதுதான் முதலில் சொல்லும். கீழ்தெருவுக்கு வேறொரு கட்சி, வேறொரு சேனல். கடைக்கு வருகிறவர்கள் சூடான ரொட்டியை மென்றபடி, "நான் அப்பவே சொன்னேன்ல" என்பார்கள். நுஹாத்தும் சொல்வாள். மனதுக்கு இதமாக இருக்கும்.

ஒருநாள் காலையில், தெருவுக்கே கரண்ட் தரும் தெருமுனை ஜெனரேட்டர் தீப்பிடித்தது. பக்கத்தில் நின்றிருந்த அவள் கணவன் பிஷாரா புகைக்குள் மாட்டிக்கொண்டான். கீழ்தெரு மெக்கானிக் ஜவாத் உள்ளே பாய்ந்து அவனைத் தோளில் தூக்கி வந்தான். ஜவாத்தின் இரண்டு கைகளும் வெந்துபோயின. பிஷாராவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

மதியச் செய்தியில் ஜவாத்தின் படம் வந்தது. தீ வைத்ததாகக் கைது.

"நான் அப்பவே சொன்னேன்ல!" என்றார் டாக்ஸி ஓட்டும் எலியாஸ்.

"என்னத்தச் சொன்னீங்க? அவன்தான் என் புருஷனைத் தூக்கிட்டு வந்தான்!"

"புகையில உனக்கு என்னம்மா தெரிஞ்சிருக்கும்? டிவியிலயே சொல்றான்."

நுஹாத் டிவியையே பார்த்தாள். இத்தனை வருடம் தான் தலையாட்டியதில் எத்தனை இப்படிப் பொய்யோ?

நாலு மணிக்கு அதே சேனலின் நிருபர் ரம்ஸி கேமராவோடு கடைக்கு வந்தான். "நேரலைம்மா. கீழ்தெருக்காரங்க வேலைதான்னு ரெண்டு வார்த்தை சொன்னா போதும்."

நுஹாத் மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"நான் உங்க சேனலைத் தவிர வேற பார்த்ததே இல்ல. அந்த உரிமையில சொல்றேன், நீங்க சொன்னது பொய். ஜெனரேட்டரோட டீசல் குழாய் ஒரு வாரமா ஒழுகுச்சு. ஜவாத் தீ வைக்கல. என் புருஷன் உயிரைக் காப்பாத்தினான்."

ரம்ஸி மைக்கைப் பிடுங்கப் பார்த்தான். தினமும் மாவு பிசைகிற கை, லேசில் விடுமா?

"இரு தம்பி, முடிக்கல. கீழ்தெருச் சேனல்காரங்களும் ரொம்பத் துள்ள வேண்டாம். எங்க மேல்தெரு ஆளுங்க வச்ச தீன்னு நீங்க சொன்னதா கேள்விப்பட்டேன், அதுவும் பொய்தான்!"

சேனல் நேரலையை வெட்டிவிட்டது; கடை டிவியில் சோப்பு விளம்பரம் வந்தது. ஆனால் வாசலில் நின்ற பெண்கள் முழுவதையும் கைபேசியில் பிடித்திருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் ஊரே பார்த்துவிட்டது. பிஷாரா ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே போலீசுக்கு வாக்குமூலம் கொடுத்தான். தீயணைப்புக்காரர்கள் ஓட்டை விழுந்த குழாயைக் கழற்றிக் காட்டினார்கள்.

மறுநாள் ஜவாத் விடுதலையாகி, கைக்கட்டோடு மேல்தெருவுக்குள் நடந்து நுஹாத்தின் கடைக்கு வந்தான். எலியாஸ் எழுந்து தன் நாற்காலியை நகர்த்திப் போட்டார். "உக்காருப்பா. நான் முட்டாள்."

நுஹாத் ரொட்டியைப் பிய்த்து ஜவாத்தின் வாயில் ஊட்டினாள். மாடிகளிலிருந்து பெண்கள் குலவையிட்டார்கள். கீழ்தெருவிலிருந்து பதில் குலவை எழுந்தது.