இடது கைக்கு வசனம் இல்லை

1

உண்மை கடைசியாக வாய்திறக்கும் இடம் நீதிமன்றம்.

இந்த வரியை எழுதிவிட்டு ஒரு வாரம் அதன் அழகிலேயே மயங்கிக் கிடந்தேன். பிறகுதான் அக்காவின் வழக்கு நடக்கும் கட்டடம் நினைவுக்கு வந்தது. அங்கே வாய்திறந்து கிடப்பது கூரை மட்டும்தான்.

கதை பிறந்தது ஆத்திரத்தில். அக்கா சலவை நிலையம் ஒன்றில் வேலை பார்த்தாள். விடுதிப் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய மிஷின் அவளுடைய இடது கையை உள்ளே இழுத்துக்கொண்டது. அதை நிறுத்தும் பொத்தான் வேலை செய்யவில்லை. முதலாளியோ எல்லாம் அக்காவின் கவனக்குறைவு என்றார். அது பொய் என்று ஒரு நீதிபதி சொல்ல வேண்டும். அக்கா கேட்பது அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: வழக்கறிஞர் தன் கறுப்பு அங்கியை உதறிக்கொண்டு எழுந்தபோது வெளியே இடி...

[எங்கள் வழக்கறிஞரின் அங்கியை உதறினால் கிழிந்துவிடும்.]

இரண்டாவது: மேசையில் ஓங்கி அறைந்து அவர்...

[அந்த மேசைக்கு ஒரு கால் செங்கல்.]

கதை எழுதுகிறவர்களே, படம் எடுக்கிறவர்களே, உங்கள் நீதிமன்றத்தில் யாருக்காவது வாய்தா கிடைத்திருக்கிறதா? குற்றவாளி தானே அழுது தானே ஒப்புக்கொள்கிறான். நல்லவன் மூச்சுவிடாமல் பேசுகிறான், ஒருவரும் தடுப்பதில்லை. இதையே பார்த்து வளர்ந்த சனம், உண்மையைக்கூடப் பவுடர் பூசித்தான் கூண்டில் ஏற்றுகிறது.

3

சாட்சிக்கு வந்தவர் அக்காவுடன் வேலை பார்த்தவர். வாய் ஓயாததால் பட்டப்பெயர் ரேடியோ.

[இவரைக் கோமாளியாக்கினால் எனக்கு வேலை சுலபம். ஆனால், வேலை போய்விடும் என்று தெரிந்தும் வந்த ஒரே ஆள் இவர்தான்.]

பொத்தான் பல மாதமாகச் செத்துக் கிடந்தது அவருக்குத் தெரியும். மேற்பார்வையாளரிடம் அவரே போய்ச் சொல்லியும் இருக்கிறார். அதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கச் சொன்னார் வழக்கறிஞர்.

"அவ்ளோதானா சார்? உப்புச்சப்பில்லாம இருக்கே."

கூண்டில் ஏறியவர் பொத்தானைப் பற்றிச் சொன்னார். இறங்கவில்லை. குரல் தழுதழுத்தது.

"ஐயா, அந்தக் கை வெந்ததை என் ரெண்டு கண்ணால பார்த்தேன். இதோ, இந்தக் கை."

தன் வலது கையை உயரத் தூக்கினார். படத்தில் எவன் இடது கையைத் தூக்கியிருக்கிறான்?

[இனி வருவது வழக்கறிஞர் வந்து சொன்னது.]

எதிர்த்தரப்பு வக்கீல் அலட்டிக்கொள்ளவே இல்லை. அந்தம்மாவுக்குப் போனது எந்தக் கை என்று கேட்டார். அன்று நீங்கள் லீவுதானே என்றும் கேட்டார். லீவுதான் என்று ரேடியோவே ஒப்புக்கொண்டது; கண்ணால் பார்த்த கதை பொய்யானது. கூடவே பொத்தானும் பொய்யாகிப் போனது.

வராந்தாவுக்கு வந்த ரேடியோ அக்காவிடம், "நல்லாத்தானேக்கா பேசினேன்?" என்றார்.

"நல்லாத்தான் பேசினீங்க. நடந்ததைப் பேசியிருக்கலாம்."

4

முடிவு ஒன்று: அக்கா ஜெயிக்கிறாள். [யார் நம்புவார்கள்?]

முடிவு இரண்டு: தோற்கிறாள். [இதை நம்புவீர்கள். அதுதான் எரிகிறது.]

உண்மையில் தீர்ப்பு இன்னும் வரவில்லை. ரேடியோ இறங்கியதும் நீதிபதி அக்காவைப் பார்த்து, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டாராம். அவள் எழுந்து ஏதோ சொல்லியிருக்கிறாள். இந்தக் கதைக்குத் தேவையான ஒரே வசனம் அதுதான்.

"ஐயா, கவனமா இருந்ததாலதான்..." அடித்துவிட்டேன்.

"அந்தப் பொத்தானை நீங்க ஒருதரம்..." இதையும்தான்.

அவளிடமே கேட்டேன். "அதெல்லாம் உன் கதைக்கு ஆகாதுடா, விடு" என்றாள். ஆகவே நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் பேசியபோது நான் உள்ளே இல்லை. ரேடியோ கையைத் தூக்கியதும் நான் கைதட்டிவிட்டேன். காவலர் என்னை வெளியே அனுப்பிவிட்டார்.