வந்த நேரம், கிளம்பிய நேரம்

1

இது திருட்டில் பிறந்த கதை, முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பராக இருக்கும் என் அக்காவின் நோட்டைக் கேட்காமல் எடுத்தேன். அட்டையில் 'நிறுத்தம்' என்றிருந்தது. வண்டிகள் நிற்கும் இடங்களாக்கும் என்று பிரித்தால், மாதவிடாய் நின்றபின் அவள் உடம்பில் குப்பென்று ஏறும் சூட்டைப் பற்றிய குறிப்புகள்.

'வந்தது 10.42. கிளம்பியது 10.46. சூட்டுக்கு ஆளி விதை, ஆறாம் நாள்.'

பேருந்துக்கும் சூட்டுக்கும் அவளிடம் ஒரே கட்டம்தான்.

2

தொடக்கம்: 'ஜன்னலோரம் அந்தப் பெண் விம்மி விம்மி…'

(அடித்துவிட்டேன். அக்காவாவது, விம்முவதாவது! மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிவிட்டு மேலதிகாரியிடம், "காத்து வரலியா சார்? இந்தப் பக்கம் வந்து நில்லுங்க" என்கிற ஜாதி அவள்.)

3

சூடு தணிய அக்காவுக்கு ஒரு பொடி கொடுத்த மூலிகைக் கடைக்காரரை வில்லனாக்கப் பார்த்தேன். மனுஷன் ஒத்துழைக்கவில்லை; தன் பொடியை அவரே மனதார நம்புகிறார். அக்கா முப்பது நாள் குடித்தாள். பத்தொன்பதாம் நாள் சூடு வரவே இல்லை. கடைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், 'சூடு பறந்து போச்சு'ன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. டப்பாவுல ஒட்டிடறேன். உங்க ஆபீஸ்ல நீங்க சொன்னா மறுபேச்சு ஏது?"

உண்மைதான். டிக்கெட் கவுன்ட்டர்காரி, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவள், அதே பொடியை வாங்க அக்காவின் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள். அக்காவுக்கும் அந்தப் பொடி பலிக்க வேண்டும் என்று கொள்ளை ஆசை. பேனாவைக்கூடத் திறந்துவிட்டாள்.

பிறகு நோட்டைப் புரட்டினாள்.

"அந்தப் பத்தொன்பதாம் நாள் பூரா மழைங்க. எழுதி வெச்சிருக்கேன் பாருங்க. மறுநாள் வெயில் அடிச்சுது, சூடும் டாண்ணு வந்துடுச்சு. பொடிக்கு நான் எப்படிச் சாட்சி சொல்றது?"

இந்த இடத்தில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுத்தாளர் நடுவே வந்து பெருமைப்படக் கூடாது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், அவள் என் அக்கா.

4

முடிவு (அ): பொடி பலிக்கிறது, எல்லோரும்… (அக்கா கிழித்தே போடுவாள்.)

முடிவு (ஆ): கடைக்காரர் மனம் உடைந்து… (உடையவில்லை. "அடுத்த தடவை மழை இல்லாத மாசமா பாத்து குடிங்க" என்றார்.)

நடந்தது: பெண்கள் ஓய்வறைச் சுவரில் ஒரு தாள் ஏறியது, கால அட்டவணை மாதிரியே. ஆளி விதை: வரவில்லை. பொடி: சந்தேகம், மழை. மின்விசிறி: சரியான நேரத்துக்கு வந்தது. அடியில் சிவப்பு மையில்: 'வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் குடிக்கக் கூடாது. முக்கியமாக நீ, கவுன்ட்டர்!'

மறுநாள் கவுன்ட்டர்காரி டாக்டரிடம் போய் வந்தாள். அந்தத் தாளிலேயே தன் சூட்டையும் முதல்முறையாகக் குறித்தாள்: 'வந்தது 2.15.'

5

இதைப் படித்துவிட்டு அக்கா கேட்டாள்: "திருடினதுதான் திருடின, முடிவு எங்கடி?"

"இன்னும் வரலக்கா."

"அப்போ 'தாமதம்'னு போடு. பொய்யா ஒண்ணை எழுதாத."

போட்டுவிட்டேன். தாளில் இன்னும் கட்டங்கள் காலியாக இருக்கின்றன. மீதியை நீங்கள் எழுதுங்கள். அன்று மழை பெய்ததா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.