மீசை மழித்தபின்னும் தண்ணீர் புகுந்தது

மார்ச்சு 14, சனிக்கிழமை. என் குறை இதுதான்: பவளப்பாறைக் கடலில், தண்ணீருக்கு அடியில், நான் சிரித்தேன் என்று என் நண்பன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

1

இது கதையாகப் பிறக்கவில்லை, மறுப்புரையாகப் பிறந்தது. நண்பன் எங்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியனாக இருந்து என்னுடனேயே ஓய்வுபெற்றவன். எந்நேரமும் கழுத்தில் ஊதல் தொங்கியதால் மாணவர்கள் அவனுக்கு வைத்த பெயர் விசில். தமிழாசிரியனான எனக்கு வைத்த பெயர் கடுகடு. முன்வரிசைக்குச் சிரித்துக் காட்டினால் பின்வரிசை கைவிட்டுப் போய்விடும் என்பது என் கொள்கை.

பழைய ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் அவன் அச்செய்தியைப் போட்டிருக்கிறான். எழுவாய் ஒருபக்கம், பயனிலை ஒருபக்கம். குற்றச்சாட்டையாவது ஒழுங்காக எழுதக்கூடாதா?

சென்ற வாரம் நிபந்தனையும் விதித்தான்.

"திரும்பக் கடலுக்குப் போலாம்னு சொல்றியே, வரேன். ஆனா சிரிச்சேன்னு எழுதிக் குடு."

"சிரிக்காதவன் எப்படிய்யா எழுதிக் குடுப்பான்?"

"அப்ப நீ தனியாப் போ."

தனியாகப் போக முடியாது. துணையில்லாதவரை, அங்கே எங்களை அழைத்துப்போன படகுக்காரம்மா நீரில் இறக்க மாட்டார். எனக்கோ அந்தப் பாறையை இன்னொரு முறை பார்த்தாக வேண்டும். இன்று மாலை விசில் பதில் கேட்க வருகிறான். அதற்குள் அவனையும் இழக்காமல், உண்மையையும் [இச்சொல்லைப் பிறகு கவனிப்போம்] இழக்காமல், ஒரு முடிவை எழுதியாக வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "நீலம். எங்கும் நீலம்." அடித்துவிட்டேன். கடல் நீலம் என்று சொல்ல ஓர் ஓய்வூதியக்காரன் தேவையில்லை.

இரண்டாம் தொடக்கம்: "ஸ்நார்க்கலிங் என்பது யாதெனின்—" இதற்கு நல்ல தமிழ்ச்சொல் கண்டபிறகே மேலே எழுதுவது என்றிருந்தேன், நாள்கள்தாம் போயின. முகத்தில் கண்ணாடி முகமூடி, வாயில் வளைந்த குழாய், காலில் வாத்துப் பாதம். குப்புற மிதந்துகொண்டு கீழே பார்ப்பது. அவ்வளவே.

மூன்றாம் தொடக்கம், சென்ற டிசம்பரில், படகில். இது நிற்கும்.

"சார், மீசை இருந்தா மாஸ்க் ஒட்டாது. தண்ணி உள்ள வரும்," என்றார் படகுக்காரம்மா.

"வரட்டும்," என்றேன்.

வந்தது. முதல் நாள் முழுவதும் என் மூக்கு உப்புநீரில் ஊறியது. பவளப்பாறை என்று நான் கண்டது கலங்கிய ஒரு பழுப்பை. விசில் மட்டும் தலையைத் தூக்கித் தூக்கி ஏதோ கத்தினான். குழாயை வாயிலிருந்து எடுக்காமல் கத்தியதால் எருமை எக்காளமிட்டது போலிருந்தது. [முதலில் 'எருமை கனைத்தது' என்று எழுதிவிட்டேன். வெட்கம். கனைப்பது குதிரை.]

மாலையில் விடுதி அறையில் சவரக்கத்தியை நீட்டினான்.

"எடுத்துடு. வளர்ற சாமான்தானே?"

"முப்பது வருஷ மீசைய்யா இது!"

"மீசையை வீட்ல பார்த்துக்கலாம். மீன் உன் வீட்டுக்கு வராது."

மழித்தேன். (வீடு திரும்பிய அன்று கதவைத் திறந்த என் மனைவி, "யாரு வேணும்?" என்று கேட்டது இக்கதைக்குத் தேவையற்றது என்று அடித்திருந்தேன். அவளே மறுபடி சேர்க்கச் சொன்னாள்.)

3

இரண்டாம் நாள் நீரில் இறங்கியபோது முகமூடிக்குள் ஒரு சொட்டும் வரவில்லை. பவளத்தைக் கல் என்று நினைத்திருந்தேன். [இங்கே ஓர் உவமை இருந்தது, நீக்கிவிட்டேன்.] அது கிண்ணம் கிண்ணமாக, விசிறி விசிறியாக, உயிரோடு வளர்ந்திருந்தது. எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் ஓயாத சடசடப்பு. கிளிமூக்கு வாயுடைய பச்சை மீன்கள் பாறையைக் கடித்து மெல்லும் சத்தமும் கேட்டது. சத்தம் போடும் வகுப்பறைகளை நான் அறிவேன். இங்கே அத்தனை கூட்டமும் தத்தம் வேலையைப் பார்த்தது. யாரும் யாரையும் அதட்டவில்லை. எனக்கு அப்போது—

[இவ்வாக்கியம் இப்படியே நிற்கட்டும்.]

யாரும் அதட்டவில்லை என்றது பிழை. ஒருவர் அதட்டினார். கட்டைவிரல் அளவே இருந்த கரிய மீன். பவளக்கொத்தின்மேல் கையகலப் பாசித் தோட்டம் ஒன்றைக் காவல் காத்தது. எல்லைக்குள் எது வந்தாலும் பாய்ந்தது. தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய மீனையும் துரத்தியது. விசில் விரலை நீட்டினான். கொத்தியது. ஓர் ஊதலால் மைதானத்தையே நடுங்கவைத்தவன் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினான். (இதற்கும் நான் சிரிக்கவில்லை. குறித்துக்கொள்க.)

மீன் அத்துடன் விடவில்லை. எங்கள் இருவரையும் முறைத்தபடி, வாயைத் திறந்து திறந்து மூடி, மேலும் கீழும் உலாவியது. விசில் மீனைச் சுட்டினான். பிறகு என்னைச் சுட்டினான். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மோவாயை நிமிர்த்தி, வகுப்பு வரிசைகளுக்கு நடுவே நான் நடப்பதுபோல் தண்ணீரிலேயே நடந்து காட்டினான்.

என் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தது.

4

முடிவு அ: காரணம் மீசை. பயனில்லை, அதை முந்தைய நாளே மழித்தாயிற்று.

முடிவு ஆ: முகமூடியின் வார் தளர்ந்திருந்தது. எழுதி முடித்ததும் படகுக்காரம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த வாரை இருமுறை இழுத்துப் பார்த்து மாட்டிவிட்டவர் அவர். ஒழுங்காக வேலை செய்தவர்மேல் பழிபோடும் கதையை ஒரு மாணவன் எழுதியிருந்தால் சுழியம் போட்டிருப்பேன். மேலும், படகில் ஏறியதும் அவரிடமே காரணம் கேட்டிருந்தேன்.

"சிரிச்சா கன்னம் மடியும் சார். மடிஞ்சா தண்ணி வரும். எல்லாருக்கும் வர்றதுதான்."

"நான் சிரிக்கலையே."

"சரி சார்," என்று திரும்பி நின்று நங்கூரக் கயிற்றை இழுத்தார். தோள்கள் குலுங்கின. [கயிறு கனம் என்று எழுதலாம். கை வரவில்லை.]

முடிவு இ: விசில் பொய் சொல்கிறான். இதை மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

"சிரிச்சா என்ன குறைஞ்சுபோச்சு உங்களுக்கு?"

"கடுகடுன்னு பேர் வாங்க எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா?"

"அப்ப அந்தப் பேரையே கூட்டிட்டுக் கடல்ல இறங்குங்க. அது துணைக்கு வருதான்னு பார்ப்போம்."

முடிவு இ-யும் போயிற்று.

5

'மீசை பழையபடி அடர்ந்து வளர்ந்துவிட்டது. கடலை மறந்துவிட்டேன்' என்று நான்காவதாக ஒரு முடிவு எழுதி வைத்திருந்தேன். நேற்றுவரை அதன் முற்பாதி சரி. இன்று காலை மீசையை மழித்துவிட்டேன். [ஏன் என்று கேட்க வேண்டாம்.]

வாசல் மணி அடிக்கிறது. நீளமாக, ஊதல் ஊதுவதுபோல். அவன்தான். இந்த மேலுதட்டோடு நான் போய்க் கதவைத் திறந்தால் எழுதிக் கொடுக்கவே தேவையிருக்காது.

ஆகவே வாசகரே, சும்மா படித்துக்கொண்டிருந்தது போதும், எழுந்திருங்கள். கீழே ஒரு வாக்கியம் பாதியில் நிற்கிறது. நான் முடித்தால் நான் எழுதிக் கொடுத்ததாகிவிடும். நீங்கள் முடியுங்கள், உங்கள் கையெழுத்தில், ஒற்றுப்பிழை இல்லாமல். முடித்ததும் கதவைத் திறந்து அவன் கையில் கொடுங்கள்.

'தண்ணீர் புகுந்ததற்குக் காரணம், கடுகடு

எழுதுங்கள். சிரிக்காமல் எழுதுங்கள்.