அம்பு பார்த்த திசை

நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நின்ற காருக்கு அடியில் அவள் மல்லாந்து படுத்திருந்தாள். முதுகுக்குக் கீழே இருந்த அட்டை காய்ந்திருந்தது. மூன்று வருடமாக வாட்டர் வாஷில் நின்று கால்விரல் இடுக்கெல்லாம் வெந்துபோனவளுக்கு அதுவே பெரிய சுகம். இந்தப் பெட்ரோல் ஃபில்டரை ஒழுங்காக மாற்றிவிட்டால் மெக்கானிக் பக்கம் எடுத்துக்கொள்வதாக ஃபோர்மேன் சொல்லியிருந்தார்.

"பம்ப் ஃபியூஸைப் பிடுங்கினியா?" பெரிய மெக்கானிக் வெளியே குந்தியிருந்தார்.

"பிடுங்கிட்டேண்ணே. வண்டி தானா அணையிற வரைக்கும் ஓடவும் விட்டேன். பேட்டரி ஒயரையும் கழட்டியாச்சு."

"அப்போ கிளிப்பை அமுக்கு. மூஞ்சியைத் தள்ளி வெச்சுக்க. பெட்ரோல்ல குளிச்சுட்டுப் போனா உன் வீட்டுக்காரன் அடுப்புப் பக்கமே விடமாட்டான்."

"விடாட்டி நல்லதுதாண்ணே. ஒருநாளாச்சும் அவரு சமைக்கட்டும்."

குழாய் விடுபட்டது. மிச்சமிருந்த பெட்ரோல் தட்டில் சொட்டி, முழங்கை வரை வழிந்தது. பழைய ஃபில்டரைக் கழற்றப் போனபோதுதான் கவனித்தாள். அதன் மேலிருந்த அம்புக்குறி என்ஜினைப் பார்க்காமல் டேங்கைப் பார்த்திருந்தது. தலைகீழாக மாட்டியிருக்கிறது. மேட்டில் வண்டி இழுக்கவில்லை என்று கார் ஓனர் புலம்பியது சும்மா இல்லை.

போன தடவை மாட்டியவர் பெரிய மெக்கானிக். பழசு இருந்த மாதிரியே புதுசை மாட்டு என்பதுதான் அந்தப் பட்டறையில் எல்லோருக்கும் அவர் சொல்வது. அவளுக்காக ஃபோர்மேனிடம் பேசியவரும் அவர்தான். குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கொஞ்சம் உள்ள வாங்களேன்."

"என்ன, கிளிப்பை உடைச்சிட்டியா?"

அவர் தொப்பையை எக்கிக்கொண்டு உள்ளே நகர்ந்து வந்தார். அவள் விரலால் காட்டினாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு அவர் மறுபடி பார்த்தார்.

"கத்தாத."

"நான் எங்கண்ணே கத்தினேன்?"

"நானும் பழசு இருந்த மாதிரிதானே மாட்டினேன்! எந்தப் புண்ணியவான் ஆரம்பிச்சு வெச்சானோ!"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். காருக்கு வெளியே நீட்டியிருந்த நான்கு கால்களும் குலுங்கின.

அம்பு என்ஜினைப் பார்க்க, அவள் புதியதை மாட்டினாள். 'டக்'கென்று கிளிப் பிடித்தது. இழுத்துப் பார்த்தாள். ஃபியூஸையும் ஒயரையும் மாட்டி, குழாயில் பெட்ரோல் ஏறுவதற்காகச் சாவியை மூன்று தடவை திருப்பி நிறுத்திவிட்டு, இணைப்புகளைத் துணியால் ஒற்றினாள். ஈரமில்லை.

மேட்டுச் சாலை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த ஓனர், "புது வண்டி மாதிரி ஏறுதுங்க!" என்று பெரிய மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மாட்டினது இந்தத் தங்கச்சிதாங்க."

அவர் கேலி செய்வதாக நினைத்து ஓனர் இன்னும் பலமாகச் சிரித்தார்.

"பாஸாயிட்ட," என்றார் ஃபோர்மேன். "இனிமே ஃபில்டர் வேலையெல்லாம் உனக்குத்தான்."

அவளுக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. "அப்போ வாஷுக்கு யாருண்ணே?"

"வேற யாரு இருக்கா? மத்த நேரம் அதைப் பாரு."

ஃபோர்மேன் அந்த வண்டியின் வேலை அட்டையில் ஃபில்டர் என்ற வரிக்கு நேராகப் பெரிய மெக்கானிக்கின் பெயரை எழுதினார். அடுத்த வரியில் வாட்டர் வாஷ் என்று எழுதி, அதற்கு நேராகக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை அவளிடம் நீட்டினார். பெட்ரோல் மணக்கும் விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அவள் குண்டு குண்டாகக் கையெழுத்துப் போட்டாள்.